பாதையின் ஹக்: ஒட்டகக் காலம் முதல் மோட்டார் காலம் வரை



சென்ற ஆண்டு ஒரு ஜும்ஆ நாளில், தொழுகை முடிந்து மக்கள் வெளியேறிக் கொண்டிருந்த வேளையில், எங்கள் மதரஸா மாணவர் ஒருவர் பள்ளிவாசலுக்கு முன்னுள்ள தெருவில் அடிபட்டு விழுந்தார். பதினோரு வயதுச் சிறுவர். தெருவின் இரு ஓரங்களிலும் இருசக்கர வாகனங்கள் நெருக்கமாக நிறுத்தப்பட்டிருந்தன. அவற்றின் இடுக்கிலிருந்து அவர் ஓடி வெளிப்பட்டார். வேகமாக வந்த ஓர் இளைஞரின் மோட்டார் சைக்கிள் அவர்மீது மோதியது. அல்ஹம்துலில்லாஹ், உயிருக்கு ஆபத்து ஏற்படவில்லை. எனினும் கால் எலும்பு முறிந்து, மூன்று மாதங்கள் படுக்கையில் கிடந்தார்.

அன்று அத்தெருவில் மூன்று விதமான பேச்சுகள் எழுந்தன. வேகமாக வந்த இளைஞர்தாம் குற்றவாளி என்றனர் சிலர். பார்க்காமல் ஓடிய சிறுவரின் தவறு என்றனர் வேறு சிலர். முதியவர் ஒருவர், எல்லாம் தக்தீர், அல்லாஹ் நாடியது நடந்தது என்று கூறி இரு சாராரையும் அமைதிப்படுத்தினார். நான் எதுவும் பேசவில்லை. அச்சிறுவர் எந்த இரண்டு வண்டிகளுக்கு நடுவிலிருந்து வெளிப்பட்டாரோ, அவற்றுள் ஒன்று என்னுடையது.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. பல ஆண்டுகளாக மாணவர்களுக்கு ஓதிக்கொடுத்த கிதாபுகளில், பாதை தொடர்பான பகுதிகளை மீண்டும் எடுத்துப் பார்த்தேன். ஒட்டகமும் கோவேறு கழுதையும் விறகுச் சுமையும் பேசப்படுவதால், இவை நம் காலத்திற்குரியவை அல்ல என்று எண்ணி விரைவாகக் கடந்து சென்ற பக்கங்கள் அவை. பாதையில் நேரும் தீங்குக்கு யார் பொறுப்பு என்ற கேள்வியை நம் முன்னோர் எவ்வளவு நுணுக்கமாக ஆராய்ந்திருக்கிறார்கள் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. அந்த வரலாற்றைச் சுருக்கமாகப் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மதீனாவின் தெருக்களில்

மதீனாவில் பாதையோரங்களில் அமர்ந்து உரையாடுவது மக்களின் வழக்கமாக இருந்தது. நபி (ஸல்) அவர்கள் அதனைத் தவிர்க்குமாறு கூறியபோது, தாங்கள் கூடிப் பேசுவதற்கு வேறு இடமில்லை எனத் தோழர்கள் முறையிட்டனர். அவ்வாறாயின் பாதைக்குரிய ஹக்கை நிறைவேற்றுமாறு நபியவர்கள் பணித்தார்கள். பார்வையைத் தாழ்த்துதல், பிறருக்குத் துன்பம் தராதிருத்தல், ஸலாமுக்குப் பதிலளித்தல், நன்மையை ஏவித் தீமையைத் தடுத்தல் ஆகியவை அந்த ஹக்குகள் என விளக்கினார்கள். அபூஸயீத் அல்குத்ரீ (ரலி) அவர்கள் அறிவிக்கும் இச்செய்தி புகாரீ, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் உள்ளது. அண்டை வீட்டாருக்கும் உறவினருக்கும் உரிமைகள் இருப்பதுபோல, நாம் மிதித்து நடக்கும் பாதைக்கும் நம்மீது உரிமை உண்டு என்னும் கருத்து இங்கிருந்து தொடங்குகிறது.

பாதையில் கிடக்கும் துன்பம் தரும் பொருளை அகற்றுவது ஈமானின் கிளைகளுள் ஒன்று என்பதை நம் பிள்ளைகளும் மனப்பாடமாக அறிவர். அவ்வளவாகப் பேசப்படாத மற்றொரு ஹதீஸ் உண்டு. பள்ளிவாசல் வழியாகவோ கடைத்தெரு வழியாகவோ அம்புகளை எடுத்துச் செல்பவர், அவற்றின் முனைகளைக் கையால் பற்றிக்கொள்ள வேண்டும். எந்த முஸ்லிமும் அவற்றால் காயமுறக் கூடாது என்று நபி (ஸல்) அவர்கள் கட்டளையிட்டார்கள். அறிவிப்பவர் அபூமூஸா அல்அஷ்அரீ (ரலி) அவர்கள். கூட்டத்தினர் விலகி நடக்க வேண்டும் என்று அங்கே கூறப்படவில்லை. கூர்மையான பொருள் யார் கையில் இருக்கிறதோ, எச்சரிக்கையின் முதற் கடமையும் அவரிடமே உள்ளது.

ஸலாம் கூறும் ஒழுங்கிலும் இதே முறையைக் காண்கிறோம். வாகனத்தில் செல்பவர் நடப்பவருக்கும், நடப்பவர் அமர்ந்திருப்பவருக்கும் ஸலாம் கூற வேண்டும் என்பது நபிமொழி. உயரத்தில் அமர்ந்து விரைந்து செல்பவர், கீழே நடந்து வருபவரைக் கண்டு, அவருக்கு ஸலாமத்தை, அதாவது பாதுகாப்பை, முதலில் வேண்டுகிறார். இன்று காரில் செல்பவர் மிதிவண்டிக்காரருக்கும், மிதிவண்டியில் செல்பவர் நடப்பவருக்கும் தர வேண்டியது இந்த ஸலாமத்தைத்தான்.

வேகத்தைப் பற்றிய பாடமும் ஸீராவில் உண்டு. ஹிஜ்ரி 10ஆம் ஆண்டு, ஹஜ்ஜத்துல் வதாவின்போது, அரஃபாவிலிருந்து பெருங்கூட்டம் திரும்பிக் கொண்டிருந்தது. பின்புறத்தில் ஒட்டகங்களை அதட்டும் ஓசையும் அடிக்கும் ஓசையும் கேட்டன. நபி (ஸல்) அவர்கள் தமது சாட்டையால் சைகை செய்து, நிதானத்தைக் கடைப்பிடிக்குமாறும், விரைவில் புண்ணியம் இல்லையென்றும் மக்களுக்கு அறிவித்தார்கள். நெரிசலில் மெதுவாகவும், இடைவெளி கிடைத்த இடத்தில் சற்று விரைவாகவும் அவர்கள் சென்றதை உஸாமா பின் ஸைத் (ரலி) அவர்கள் விவரித்துள்ளார்கள். பாதையின் நிலையைப் பார்த்தே வேகம் தீர்மானிக்கப்பட்டது. சவாரி செய்பவரின் அவசரத்தைப் பார்த்து அன்று.

நகரங்கள் பிறந்தபோது

பாதையின் அகலத்தில் மக்களிடையே கருத்து வேறுபாடு எழுந்தால் ஏழு முழம் விட வேண்டும் என்ற நபிவழித் தீர்ப்பு, பிற்கால நகரமைப்புக்கு அடிப்படையாயிற்று. ஹிஜ்ரி 17இல் (கி.பி. 638) உமர் (ரலி) அவர்களின் ஆட்சிக் காலத்தில் கூஃபா நகரம் எழுப்பப்பட்டது. அதன் பெருஞ்சாலைகள் நாற்பது முழம், அடுத்தவை முப்பது, அவற்றுக்கு அடுத்தவை இருபது, சந்துகள் ஏழு முழம் என்ற அளவில் அமைக்கப்பட்டதாக வரலாற்றாசிரியர் தபரீ (ரஹ்) பதிவு செய்துள்ளார். ஏழு முழத்துக்குக் குறைவாக எதுவும் அனுமதிக்கப்படவில்லை. வீடு கட்டுவதற்கு முன்பே நடப்பவரின் இடம் ஒதுக்கி வைக்கப்பட்டது.

நகரங்கள் பெருகியபோது அந்த இடத்தைக் காப்பதற்கு முஹ்தஸிப் என்னும் அதிகாரி நியமிக்கப்பட்டார். அவருடைய கடமைகளை இமாம் மாவர்தீ (ரஹ், இறப்பு ஹிஜ்ரி 450) தமது அல்அஹ்காமுஸ் ஸுல்தானிய்யா நூலில் விரிவாக எழுதியுள்ளார். எடைக் கற்களைச் சோதிப்பதோடு அவர் பணி முடிந்துவிடவில்லை. தாங்கும் அளவுக்கு மேல் கப்பலில் சுமையேற்றுவதையும், கடுங்காற்றில் கப்பல் செலுத்துவதையும் தடுப்பதும் அவர் பொறுப்பாக இருந்தது. உரிமையாளர் தம் சொந்தக் கப்பலுக்கும் தாமே தனி அதிகாரி அல்லர். அதில் ஏறும் உயிர்களின் சார்பில் கேள்வி கேட்க ஒருவர் இருந்தார்.

இமாம் கஸ்ஸாலீ (ரஹ், இறப்பு ஹிஜ்ரி 505) அவர்களின் இஹ்யாவில், தெருக்களில் நிகழும் முன்கர்கள் குறித்துத் தனிப் பகுதியே உள்ளது. மது, சூது ஆகியவற்றையே முன்கர் என எண்ணிப் பழகியவர்கள் அப்பட்டியலைப் படித்தால் திகைப்பார்கள். பாதையை நெருக்கும் திண்ணைகள், தூண்கள், வழியில் போட்டு வைக்கப்படும் விறகும் தானிய மூட்டைகளும், வழுக்கும்படி தெளிக்கப்படும் நீர், எறியப்படும் தர்பூசணித் தோல், போவோர் ஆடையைக் கிழிக்கும்படி ஓட்டிச் செல்லப்படும் முட்சுமை ஆகிய அனைத்தும் அதில் இடம்பெறுகின்றன. பாதை நெருக்கமாகும்படி கால்நடையைக் கட்டி வைப்பதும் முன்கர் என்று கூறி, இமாமவர்கள் ஒரு விலக்கு அளிக்கிறார்கள்: ஏறவும் இறங்கவும் தேவைப்படும் நேரம் மட்டும் நிறுத்தலாம். தெரு அனைவருக்கும் பொதுவான பயன். தேவையின் அளவுக்கு மேல் அதை ஒருவர் தமக்கென ஒதுக்கிக்கொள்ள உரிமையில்லை என்பது அவர்கள் கூறும் காரணம்.

இந்த இடத்தை வாசித்தபோது என் வண்டி என் கண்முன் வந்து நின்றது. ஏறவும் இறங்கவும் எனக்குத் தேவைப்பட்டது ஒரு நிமிடம். குத்பாவும் தொழுகையும் அதன்பின் நண்பர்களுடன் பேச்சுமாக, ஒரு மணி நேரத்துக்கு மேல் அது அங்கே நின்றது.

திமிஷ்கின் ஓர் இமாம்

சிரியாவின் நவா என்னும் ஊரில் பிறந்து திமிஷ்கில் வாழ்ந்த இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் ஹிஜ்ரி 676இல் (கி.பி. 1277) மறைந்தார்கள். ஷாஃபிஈ மத்ஹபின் மதரஸாக்களில் இன்றும் மதிப்புடன் ஓதப்படும் மின்ஹாஜ் அவர்கள் இயற்றியது. பாதையில் நேரும் சேதங்கள் பற்றி அதில் வரும் சட்டங்களைச் சற்று நிதானித்துக் கவனியுங்கள்.

கால்நடையுடன் செல்பவர், அது உயிருக்கும் பொருளுக்கும் விளைவிக்கும் சேதத்துக்குப் பொறுப்பாளி. இரவாயினும் பகலாயினும் சரியே. வழக்கத்துக்கு மாறான செயல்களை அவர் தவிர்க்க வேண்டும். அதற்கு இமாமவர்கள் காட்டும் எடுத்துக்காட்டு, சேற்றில் கடுமையாக விரட்டிச் செல்லுதல். அவ்வாறு விரட்டினால் அதிலிருந்து விளையும் அனைத்துக்கும் அவரே ஈடு செய்ய வேண்டும். மழைக்கால ஈரச்சாலையில் பறக்கும் நம் இளைஞர்களுக்கு இதைவிடத் தெளிவான சட்டம் வேண்டுமா?

விறகு சுமந்து சந்தைக்குள் நுழைபவர், அங்கே நெரிசல் இருந்தால் தம் சுமையால் நேரும் சேதத்துக்குப் பொறுப்பேற்க வேண்டும். நெரிசல் இல்லாதபோது ஒருவர் ஆடை கிழிந்தால் அவர்மீது பொறுப்பில்லை. எதிரில் வருபவரும் பார்த்து விலகியிருக்கலாம் அல்லவா? ஆனால் இருவருக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு. ஒருவர் பார்வையற்றவர், மற்றவர் கால்நடைக்கு முதுகு காட்டி நிற்பவர். இவ்விருவரையும் எச்சரிப்பது சுமையுடன் வருபவரின் கடமை. இன்று முதுகு காட்டிச் செல்பவர்கள் யார்? நமக்கு முன்னால் மிதிவண்டியில் செல்லும் பெரியவரும், சாலையோரம் நடக்கும் பள்ளிப் பிள்ளைகளுமே. அவர்களால் நம்மைக் காண இயலாது. அவர்களுக்காகவும் நாமே பார்க்க வேண்டும்.

மறுபுறத்தையும் இமாமவர்கள் விட்டுவிடவில்லை. பொருளின் உரிமையாளரே அதைப் பாதையில் வைத்து அலட்சியம் செய்திருந்தால், கால்நடைக்காரர் ஈடு தர வேண்டியதில்லை. குறுகலான வழியில் அமர்ந்திருப்பவர்மீதோ உறங்குபவர்மீதோ நடந்து வருபவர் தடுக்கி விழுந்து இருவரும் இறந்தால், அமர்ந்தவருக்கும் உறங்கியவருக்கும் ஈடு இல்லை. தடுக்கி விழுந்தவருக்கு உண்டு. ஆனால் நின்றவர்மீது தடுக்கினால், நின்றவருக்கே ஈடு உண்டு. களைப்பாறவோ ஒருவரை எதிர்பார்த்தோ நிற்பது நடப்பதன் ஒரு பகுதி. உறங்குவது அவ்வாறன்று என்பது விரிவுரையாளர்கள் கூறும் காரணம். நடப்பவருக்கு உரிமையும் உண்டு, கடமையும் உண்டு.

இரு சவாரிக்காரர்கள் எண்ணமின்றி மோதிக்கொண்டு இறந்தால் என்ன தீர்ப்பு? ஷாஃபிஈ மத்ஹபின்படி ஒவ்வொருவருடைய ஆகிலாவும் மற்றவருக்குப் பாதி தியத் தர வேண்டும். ஒவ்வொருவரும் தம் செயலாலும் மற்றவர் செயலாலும் இறந்தார். எனவே தம் பங்குக்குரிய பாதி கழிக்கப்படுகிறது. ஹனஃபீ மத்ஹபில் ஒவ்வொருவருக்கும் முழு தியத் என்பது தீர்ப்பு. கணக்கு வேறுபடினும், எவரும் பொறுப்பிலிருந்து தப்பவில்லை என்பதில் இரண்டும் ஒன்றுபடுகின்றன.

ஆகிலா என்பது தந்தைவழி ஆண் உறவினரைக் குறிக்கும். தவறுதலாக நேர்ந்த மரணத்துக்கான தியத்தை அவர்கள் மூன்றாண்டுகளில் பகிர்ந்து செலுத்த வேண்டும். சிற்றப்பனும் பெரியப்பனும் தம் பொருளிலிருந்து தர வேண்டியிருக்கும்போது, குடும்பத்தில் ஒருவன் மூர்க்கமாகக் குதிரை ஓட்டினால் அவர்கள் வாளாவிருப்பார்களா? மேலும் மின்ஹாஜ் கூறுகிறது: அந்நியர் ஒருவர் இரு சிறுவர்களைச் சவாரியில் ஏற்றிவிட, அவர்கள் மோதிக்கொண்டால், ஏற்றிவிட்டவரே இருவருக்கும் பொறுப்பாளி.

தக்தீர் என்று கூறி நாம் முடித்துவிடும் இடத்தில் இமாம்கள் முடிக்கவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். விதியின்மீது நம்மைவிட உறுதியான ஈமான் கொண்டிருந்தவர்களே, பாதியா முழுமையா என ஈட்டின் அளவை எழுதி வைத்தார்கள். தவறுதலாக நேர்ந்த கொலைக்கும் ஸூரா அந்நிஸாவின் 92ஆம் வசனம் தியத்தையும் கஃப்பாராவையும் விதிக்கிறது. அடிமையை விடுவிக்க வழியில்லாதவர் இரண்டு மாதங்கள் தொடர்ந்து நோன்பு நோற்க வேண்டும். தம் தவறால் சாலையில் ஓர் உயிர் போகக் காரணமான ஓட்டுநர், காப்பீட்டுத் தொகையோடு தம் கடமை முடிந்தது என எண்ணிவிடாமல் ஆலிம்களிடம் விளக்கம் கேட்பது அவசியம்.

மஜல்லாவிலிருந்து மோட்டார் வரை

உஸ்மானியப் பேரரசில் அஹ்மத் ஜவ்தத் பாஷாவின் தலைமையில், 1869 முதல் 1876 வரை மஜல்லா என்னும் சட்டத் தொகுப்பு வெளியிடப்பட்டது. ஹனஃபீ ஃபிக்ஹை அடிப்படையாகக் கொண்ட 1,851 பிரிவுகள் அதில் உண்டு. அதன் 926ஆம் பிரிவு, பொதுப்பாதையில் செல்லும் உரிமை அனைவருக்கும் உண்டு என்று ஏற்று, அவ்வுரிமையைப் பிறரின் பாதுகாப்பு என்னும் நிபந்தனையுடன் பிணைக்கிறது. தவிர்க்க இயன்ற தீங்கைத் தவிர்த்தே ஆக வேண்டும். சவாரி செய்கையில் குளம்பிலிருந்து தெறிக்கும் சேறு போன்ற தவிர்க்கவியலாதவற்றுக்குப் பொறுப்பில்லை. மோதுதலுக்கும் முன்னங்காலின் அடிக்கும் பொறுப்பு உண்டு. பொதுப்பாதையில் கால்நடையை நிறுத்தவோ கட்டவோ எவருக்கும் உரிமையில்லை. அங்கே நின்றபடி அது உதைத்தாலும் உரிமையாளரே ஈடு தர வேண்டும் என்கிறது 934ஆம் பிரிவு.

மோட்டார் வாகனம் வந்தபின் இந்தச் சட்டங்கள் காலாவதியாகிவிடவில்லை. 1993 ஜூன் மாதம் புரூணையில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, தனது எட்டாவது அமர்வில் சாலை விபத்துகள் குறித்துத் தீர்மானம் நிறைவேற்றியது. ஷரீஅத்துக்கு முரணில்லாத போக்குவரத்து விதிகளைப் பின்பற்றுவது மார்க்கக் கடமை என்றும், வாகனத்தால் நேரும் தீங்குக்கு ஓட்டுநர் பொறுப்பாளி என்றும் அது அறிவித்தது. தடுக்கவியலாத சக்தியாலோ, பாதிக்கப்பட்டவரின் தவறாலோ, மூன்றாமவரின் தவறாலோ விபத்து நேர்ந்திருந்தால் அவருக்கு விலக்கு உண்டு. ஓட்டுநரும் பாதிக்கப்பட்டவரும் சேர்ந்து காரணமாயிருந்தால் ஒவ்வொருவரும் தத்தம் பங்கை ஏற்க வேண்டும். ஆகவே சிவப்பு விளக்கில் நிற்பது காவலருக்கு அஞ்சிச் செய்யும் செயலாக மட்டும் இருக்கக் கூடாது. அது மார்க்கம் நம்மிடம் கேட்கும் கடமை.

நம் நாட்டின் சட்டமும் இவ்விடத்தில் நம் ஃபிக்ஹுக்கு அருகில் வருகிறது. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, வயது வராத பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால், பெற்றோருக்கோ வாகன உரிமையாளருக்கோ மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்கப்படலாம். பத்தாம் வகுப்புப் பிள்ளையின் கையில் ஆசையுடன் சாவியைக் கொடுக்கும் தந்தையர், சிறுவரைச் சவாரியில் ஏற்றிவிட்டவரைப் பற்றிய சட்டத்தை ஒருமுறை நினைத்துப் பார்க்கட்டும்.

இதன் அவசியத்தை எண்களே கூறும். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி, 2022ஆம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 உயிர்கள் பறிபோயின. அவர்களுள் 74,897 பேர் இருசக்கர வாகனங்களில் சென்றவர்கள். 32,825 பேர் நடந்து சென்றவர்கள். தலைக்கவசம் அணியாமல் இறந்தவர்கள் 50,029 பேர். அவ்வாண்டு விபத்துகளின் எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம் பெற்றது நம் தமிழ்நாடு.

மீண்டும் அந்தத் தெருவுக்கு

இவற்றையெல்லாம் வாசித்தபின், அன்று தெருவில் எழுந்த கேள்விக்கு என்னால் விடை கூற முடிந்தது. ஜும்ஆ முடிந்து மக்கள் வெளியேறும் நெரிசலில் வேகமாக வந்த இளைஞர், சேற்றில் விரட்டியவரைப் போன்றவர், பெரும்பங்கு அவருடையது. பாதையை ஒரு மணி நேரம் அடைத்து வைத்த நாங்கள், மஜல்லாவின் 934ஆம் பிரிவு கூறும் இடத்தில் நின்றோம். சிறுவரோ முகல்லஃப் அல்லர். சாலையைக் கடக்கும்போது நின்று இருபுறமும் பார்க்க வேண்டும் என்று அவருக்குக் கற்றுத் தராதது வீட்டின் குறை, மதரஸாவின் குறை. உளூவின் ஃபர்ளுகளை ஓதிக்கொடுத்த நான், பாதையின் ஹக்கை ஒரு ஹதீஸாக மட்டுமே ஓதிக்கொடுத்திருந்தேன்.

மறுநாள் மருத்துவமனைக்குச் சென்று, ஒரு வண்டி என்னுடையது என்று சிறுவரின் தந்தையிடம் கூறினேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. பின்பு, "ஹஸரத், அங்கே நிறுத்தியிருந்த வண்டிகளில் என் வண்டியும் இருந்தது" என்றார். சிகிச்சைச் செலவில் பெரும்பகுதியை அந்த இளைஞரின் குடும்பத்தார் ஏற்றனர். அன்று வண்டி நிறுத்தியிருந்த எங்களுள் சிலர் எஞ்சியதைப் பகிர்ந்துகொண்டோம். எவரும் எங்களைக் கட்டாயப்படுத்தவில்லை.

அதன்பின் ஜமாஅத்தில் பேசி, அருகிலுள்ள காலி மனையின் உரிமையாளரிடம் அனுமதி பெற்று, ஜும்ஆ நாட்களில் வண்டிகளை அங்கே நிறுத்துகிறோம். இருநூறு அடி கூடுதலாக நடக்க வேண்டியிருக்கிறது. சில பெரியவர்கள் சலித்துக்கொள்கிறார்கள். பள்ளிவாசலை நோக்கி எடுத்து வைக்கும் அடிகளுக்கு நன்மை உண்டு என்று அவர்களுக்கு நினைவூட்டுகிறோம். மதரஸாவில் வாரம் ஒரு நாள், பிள்ளைகளை வரிசையாக அழைத்துச் சென்று சாலையைக் கடக்கப் பழக்குகிறோம். இரவில் மிதிவண்டியில் வரும் மாணவர்களின் வண்டிகளில் பின்புற ஒளிர்வில்லை இருக்கிறதா என்று பார்த்தே அனுப்புகிறோம்.

அன்பர்களே, ஒரே மனிதர் காலையில் நடப்பவராகவும், பகலில் மிதிவண்டியிலும், மாலையில் காரிலும் பாதையைப் பயன்படுத்துகிறார். எந்த நிலையில் இருந்தாலும் நம்மைவிட எளிதில் காயமுறக் கூடியவர் யாரேனும் அருகில் இருப்பார். அவர் விஷயத்தில் நம் கையிலுள்ள அம்பின் முனையை நாமே பற்றிக்கொள்வோமாக.

யா அல்லாஹ்! எங்கள் பாதைகளில் நடப்போரையும் வாகனங்களில் செல்வோரையும் பாதுகாப்பாயாக. எங்களால் எவருக்கும் தீங்கு நேராமல் காப்பாயாக. சாலை விபத்துகளில் இறந்தோரின் பிழைகளை மன்னித்து, அவர்களின் குடும்பத்தாருக்கு அழகிய பொறுமையை வழங்குவாயாக. ஆமீன். வல்லாஹு அஃலம்.